புலிவரி மேப்பிளைப் படிக்கும் வரிசை: வயலின் செய்யப் பழகும் குமரி மாவட்டத்தாருக்கு

வயலின் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் மரக்குவியல்தான். வயலினின் முதுகுக்கும் பக்கப்பட்டைக்கும் ஆகும் மேப்பிளில் ஆறு கட்டைகளை வைத்து ஒன்றை எடுக்கச் சொன்னால், அதிகம் மின்னும் புலிவரிக்குக் கை தானாகப் போகும். அந்த வரி மரத்தின் நிறமே இல்லை. நார் அலையலையாக ஓடுவதால் வரும் ஒளி அது. நார்முனை நம் பக்கம் திரும்பும் இடம் இருண்டும், நார் படுத்திருக்கும் இடம் பளபளத்தும் தெரியும். பலகையைச் சாய்த்தால் இரண்டும் இடம் மாறும். ஆகவே வரியைக் கடைசியில் பாருங்கள். முதலில் வளையம், பிறகு நார், எடை, ஈரம்.

முனையில் மெழுகு பூசியிருந்தால் ஓரத்தில் கொஞ்சம் சீவிவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரை வழியே அறுத்த மரம். முகத்தில் செதில் செதிலாக மினுமினுப்பும் தெரியும். அடுத்து, மரத்தின் பட்டைப் பக்கம் இருந்த முகத்தைத் திருப்புங்கள். அங்கே சிறுசிறு பழுப்புக் கோடுகள் இருக்கும். அவை ஓடும் போக்குதான் நாரின் போக்கு. அந்தக் கோடுகள் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே சரிந்து வெளியேறினால் கட்டையை ஒதுக்கிவிடுங்கள். அப்படிப்பட்ட கட்டையைப் பிளந்து இரண்டு பாதியாக ஒட்டினால் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் தெரியும். வார்னிஷ் அதை மறைக்காது.

எடைக்குத் தராசு போதும். 400 மி.மீ நீளம், 130 மி.மீ அகலம், தடித்த ஓரம் 40, மெல்லிய ஓரம் 20 மி.மீ உள்ள ஆப்புக்கட்டையின் கன அளவு 1560 கன செ.மீ. அது 940 கிராம் அளவில் இருந்தால் அடர்த்தி 0.60. ஒரு கிலோவைத் தாண்டினால் முதுகுப் பலகைக்குக் கனம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஈரம்தான் நம் ஊரில் பெரிய பாடம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் நாட்களில் மரம் தானே 16 விழுக்காடு ஈரம் வரை ஏறிக்கொள்ளும். அப்படி 14 விழுக்காட்டில் செய்து மூடிய வயலின் குளிரூட்டிய அறையில் 8 விழுக்காட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும்? கீழ்ப்பகுதி அகலம் 208 மி.மீ. ஆரை வழி அறுத்த முதுகு ஏறக்குறைய 2 மி.மீ சுருங்கும். வளையத்துக்கு இணையாக அறுத்ததோ 3 மி.மீக்கு மேல் சுருங்கும். முதுகைச் சுற்றி ஒட்டிய பக்கப்பட்டை (வயலினின் பக்கச்சுவர்) அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் ஒட்டு விடும், இல்லையேல் பலகை வெடிக்கும். வாய்மொழித் தேர்வில் இந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்தவருக்கு மரம் புரிந்திருக்கிறது என்று பொருள். கட்டைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி வாரந்தோறும் எடை போடுங்கள். எடை நின்ற பிறகே தொடுங்கள். முதுகை மூடும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. சீக்கிரம் காயட்டும் என்று ஆரல்வாய்மொழிக் காற்றில் மட்டும் வைக்காதீர்கள். முனை முந்திக் காய்ந்து வெடிப்பு உள்ளே ஓடும்.

செதுக்கும்போது அயனி, பலா வேலை தெரிந்த கை உதவும். அந்த மரங்களிலும் எதிர்நார், அதாவது அலகுக்கு எதிராக எழும் நார், உண்டு. ஆனால் மேப்பிளில் அது ஒரு செ.மீ இடைவெளியிலேயே மாறி மாறி வரும். அலகு 45 டிகிரி சாய்ந்த இழைப்புளி ஒவ்வொரு வரியிலும் ஒரு செதிலைப் பிடுங்கும். அலகின் மறுபக்கத்தில் 10 முதல் 15 டிகிரிக்குச் சிறு சாய்வு தீட்டினால் வெட்டுக்கோணம் 55, 60க்கு ஏறும், பிடுங்கல் அடங்கும். முனையில் சிறு பற்கள் உள்ள பல் அலகு இன்னும் பாதுகாப்பு. வளைந்த உளியை நாருக்குக் குறுக்கே ஓட்டி, முடிவு மட்டத்துக்கு 1 மி.மீ மேலேயே நிறுத்துங்கள். மீதியைப் பல் அலகுள்ள விரல் இழைப்புளியும் (விரலால் பிடிக்கும் சிறு இழைப்புளி) ஸ்கிரேப்பரும் (சுரண்டும் எஃகுத் தகடு) பார்த்துக்கொள்ளும். ஸ்கிரேப்பரை வரிக்குச் சாய்வாக, லேசாகத் தள்ளுங்கள். அழுத்தினால் மென்மையான இடம் பள்ளமாகி முதுகு துணிதுவைக்கும் பலகை போல அலையும். நடுவில் 4.5, ஓரத்தை ஒட்டி 2.5 மி.மீ என்ற கனத்தை நோக்கிப் போங்கள்.

அதிகம் உடைவது பக்கப்பட்டை. கனம் 1 மி.மீ. உடைவது எப்போதும் வரியின் மேல்தான், அங்கே நார் குட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறது. ஆகவே பட்டைக்கு முதுகைவிட அடக்கமான வரியுள்ள மரத்தை எடுக்கலாம், அதில் வெட்கமில்லை. பட்டையை வளைக்கச் சூடேற்றும் வளைப்பு இரும்பின்மேல் தண்ணீர்த்துளி சீறி உடனே வற்ற வேண்டும், உருண்டு ஓடினால் சூடு அதிகம். பட்டையை ஊறவைக்கக் கூடாது. ஊறினால் வரி வரியாகப் புடைத்துக்கொள்ளும், பிறகு சீவினால் கனம் போய்விடும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, வெளிப்புறம் மெல்லிய பித்தளைத் தகட்டை அணைத்துப் பிடித்து, மரம் தானே இளகும்வரை பொறுத்து வளையுங்கள். இடுப்பு வளைவை முதலில் முடியுங்கள். உடைவதென்றால் அங்கேதான் உடையும், மற்ற பட்டைகளை அறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை. 60 டிகிரியில் வையுங்கள், கொதித்தால் பலம் போய்விடும். நாகர்கோவிலின் மதிய வெயிலில் அது சட்டென்று உறையாது. இரு பாதியையும் தேய்த்து ஒட்டும் முறை அதனால் வழுக்கும், கவ்வி போட்டே ஆகவேண்டும். விடியற்காலையில் ஒட்டி, மறுநாள் வரை கவ்வியைக் கழற்றாமல் வையுங்கள். கரைத்த வஜ்ஜிரம் நம் வெக்கையில் இரண்டு நாளில் நாறிவிடும். ஒவ்வொரு ஒட்டுக்கும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.