மயிலாப்பூர் ஓட்டக் குறிப்புகள்

2024 நவம்பர் 4, திங்கள்

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். வலது முட்டியில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் உரசலும் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது ஒன்றும் தெரியாமல் இறங்கும்போது மட்டும் ஏன் சுருக்கென்று வலிக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை பெரும்பாலும் தொடையுடையது. தொடைக்குப் பலம் இல்லையென்றால் அந்தப் பாரம் சில்லின் மேல் விழுகிறது.

"ஓடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "ஓடுங்க, ஆனா தொடையைப் பலப்படுத்திக்கிட்டே ஓடுங்க" என்றார். எனக்கு அது போதும்.

அம்மாவுக்குத்தான் போதவில்லை. அவளுக்கு இரண்டு முட்டியும் மாற்று அறுவை ஆனது. "ஏண்டி, இருக்கிற முட்டியையும் கெடுத்துக்காதே" என்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் ஓடப்போகிறேன் என்றால் வீட்டிலும் ஆபீஸிலும் கேட்கிற முதல் வார்த்தை "தேஞ்சுடும்" என்பதுதான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஒரு கட்டுரையைத் தேடிப் படித்தேன். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம் பேருக்கு. முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனாலும் அளவாக ஓடுவதே முட்டிக்கு எமன் என்ற பேச்சு இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

நவம்பர் 9, சனி

இந்த வாரம் ஓட்டமே இல்லை. பயிற்சி மட்டும்.

பிசியோதெரபி சொல்லித்தரும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவள் விரலை வைத்துக் காட்டிய இடத்தை நான் இத்தனை வருடத்தில் கவனித்ததே இல்லை. தரையில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை முட்டியால் அழுத்தச் சொன்னாள். சில்லுக்கு மேலே, உள்பக்கமாக ஒரு சின்னத் தசை திரண்டு வந்து நின்றது. இடது காலில் அது கல் மாதிரி இருந்தது. வலது காலில் விரல் வைத்தால் உள்ளே அமுங்கியது. "இதைத்தாம்மா எழுப்பணும்" என்றாள்.

அப்புறம் காலை மடக்காமல் தூக்கி இறக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே உட்காருவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலின் முட்டியைத் திறந்து மூடுவது. கடைசியில் சொன்னது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்த நொடியில் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் முட்டி உள்பக்கம் திரும்பும், சில்லு தன் தடத்தை விட்டு உரசும். வலி முட்டியில் என்றாலும் வைத்தியம் அதற்கு மேலேயும் இருக்கிறது. முட்டியில் தைலம் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோன எத்தனையோ பெண்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

நாகேஸ்வரராவ் பூங்காவில் ஆரம்பித்தாயிற்று. அமிர்தாஞ்சன் கண்ட காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயர் தாங்கிய பூங்கா இது. வலிக்கென்று ஒரு தைலத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவரின் பெயருள்ள இடத்தில் தொடங்குவது மனதுக்கு இதமாக இருக்கிறது.

ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ல் வகுத்த திட்டத்தைப் பின்பற்றுகிறேன். ஐந்து நிமிடம் வேக நடை. அதன் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். நடுவில் ஓய்வு நாள் கட்டாயம் வேண்டும். அந்த நாட்களில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒன்பது வாரத் திட்டம் அது. என் முட்டிக்கு அதைப் போல இரண்டு மடங்கு காலம் பிடித்தாலும் சரி.

எட்டிக் கால் வைக்காதீர்கள், அடியைச் சின்னதாக்குங்கள் என்பது பிசியோ சொன்ன இன்னொரு பாடம். அதே வேகத்தில் நிமிடத்துக்கு எடுத்து வைக்கும் அடிகளைப் பத்து சதவீதம் கூட்டினாலே முட்டி தாங்கும் சுமை கணிசமாகக் குறைகிறது என்று 2011-ல் ஆய்வே வந்திருக்கிறது. செய்து பார்த்தால் உடனே தெரிகிறது. கால் உடம்புக்கு முன்னால் போய்த் தொப்பென்று விழாமல் உடம்புக்கு நேர் கீழே இறங்குகிறது. காலடிச் சத்தமே குறைந்துவிடுகிறது.

நவம்பர் 30, சனி

ஃபெங்கல் புயல். விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. விமான நிலையத்தை மூடிவிட்டார்களாம். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கூடத்தில் பாய் போட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "வலிக்கிற இடத்துக்கு ஓய்வுதானே கொடுக்கணும்?"

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது என்று சொன்னேன். மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. மூட்டின் மேல் பாரம் விழுந்து விலகும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அசையாமல் வைத்திருந்தால் அது பட்டினி கிடக்கும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க காலத்துல யாரும் இதைச் சொல்லலையே" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அவளை ஐந்து வருடம் கட்டிலோடு உட்கார வைத்தது அவளுடைய வலி மட்டுமில்லை, நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன "உட்காரும்மா" என்ற வார்த்தையும்தான்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. சென்னையில் ஓடுவதற்கென்றே ஒரு மாதம் உண்டென்றால் அது இதுதான். மாட வீதிகளில் திருப்பாவை கேட்கிறது, வியர்வை கண்ணில் இறங்குவதில்லை, மூச்சு முட்டுவதில்லை.

ஆனால் இன்று வலித்தது. ஓட்டத்தால் இல்லை, கோலத்தால். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரிய கோலமாகப் போட்டேன். முட்டி முழுக்க மடங்கும்போதுதான் சில்லின் மேல் அழுத்தம் மிகவும் அதிகம். மெதுவாக ஓடியபோது இல்லாத வலி எழுந்து நிற்கும்போது வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெண்கள் உட்காராமல் இடுப்பை வளைத்துக் குனிந்தபடியே கோலம் போடுவார்கள். நாளையிலிருந்து நானும் அப்படித்தான்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பூஜ்யத்திலிருந்து பத்து வரை போட்டால் மூன்றுக்குள் இருந்தால் ஓடலாம். அதைத் தாண்டினால் நடை. மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போதும் வலி பாக்கி இருந்தால் முந்தைய நாள் ஓடியது அதிகம் என்று அர்த்தம். ஓடும்போது உடம்பு சூட்டில் இருப்பதால் முட்டி உண்மையைச் சொல்லாது. மறுநாள் படிக்கட்டில் சொல்லிவிடும்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

முதல் முறையாக மெரினா. காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை வரை, ஓடியும் நடந்தும்.

மணலில் இறங்கவில்லை. உலர்ந்த மணலில் கால் புதைகிறது. அலையோரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிகிறது, அதனால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும். நோகிற முட்டிக்கு நடைபாதைதான் நல்லது.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையின் நான்கு பேரையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இன்று பார்த்தது அவர்களுடைய கால்களை மட்டும்தான். பாறையைத் தள்ளுகிறவர்களின் மடங்கிய முட்டிக்கு மேலே தொடைத் தசை எப்படி முறுக்கி நிற்கிறது! கை தள்ளுவது போலத் தெரிந்தாலும் வேலை செய்வது தொடை.

திரும்பும்போது எங்கள் ஊர் மேயராகவும் பிறகு சுகாதார அமைச்சராகவும் ஆன மா. சுப்பிரமணியனை நினைத்துக்கொண்டேன். விபத்தில் முழங்கால் அடிபட்ட பிறகு ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியவர். என் இலக்கு அதில்லை. ஆனால் அப்படி ஒருவர் இதே சாலையில் ஓடுகிறார் என்பது தெம்பு தருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறையும் என்பது தேய்மானம் உள்ளவர்களிடம் நடத்தி 2005-ல் வெளிவந்த ஆய்வின் கணக்கு. அப்படியானால் என் முட்டிக்கு அடிக்குப் பன்னிரண்டு கிலோ மிச்சம்.

உட்கார்ந்து எழுந்தால் வலது முட்டி இன்னும் நறநறவென்கிறது. வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று பிசியோ சொல்லிவிட்டாள். தசையைத் தொட்டுப் பார்த்தாள், இப்போது விரல் அமுங்கவில்லை. அடுத்த பாடம் கொடுத்திருக்கிறாள்: தாழ்வான பலகை மேல் வலது காலில் நின்று, இடது குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்கி ஏற வேண்டும். இறங்கும்போது மூன்று எண்ண வேண்டும், முட்டி உள்பக்கம் போகக் கூடாது.

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அக்னி நட்சத்திரத்துக்குள் விடியலுக்கு முன்பே ஓடி முடிக்கப் பழக வேண்டும். திரும்பியதும் குடிக்க உப்புப் போட்ட மோரை முந்தின இரவே கலந்து வைக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.