பியூபி பில்லில் அந்த மூன்று வரிசை

சிங்கப்பூரில் வருஷம் முழுக்க மழை. டிசம்பரில் கேட்கவே வேண்டாம், துவைத்த துணி மூன்று நாள் மூங்கில் கழியிலேயே கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு காசு என்று கோப்பிக் கடையில் யாராவது ஒருவர் மாதம் தவறாமல் கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்பவர்கள் "ஏத்திட்டாங்கப்பா" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள், பில்லை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் கணக்கு வேலையில் இருப்பவன், எந்த பில் வந்தாலும் வரி வரியாகப் பார்த்தால்தான் தூக்கம் வரும். அதனால் இந்தப் பதிவு.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர், குப்பை எல்லாம் ஒரே பில்லில் வருவதால் தண்ணீர் எவ்வளவு என்று பலருக்குத் தனியாகத் தெரிவதே இல்லை. பில்லை அனுப்புவது எஸ்பி நிறுவனம், தண்ணீர்ப் பணம் போவது பியூபி என்கிற பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு. 1995 வரை மின்சாரமும் கழகத்திடமே இருந்தது, அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எல்லாரும் பியூபி பில் என்றுதான் சொல்கிறோம். அதில் தண்ணீருக்கு மட்டும் மூன்று வரிசை இருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து, மாதம் 40 கன மீட்டருக்குள் புழங்கும் வீட்டுக்கு, ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1000 லிட்டருக்கு, தண்ணீர் விலை 1.43 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதன்மேல் 50 விழுக்காடு தண்ணீர் சேமிப்பு வரி 72 காசு, வாட்டர்போர்ன் ஃபீ என்று போட்டிருக்கும் கழிவுநீர்க் கட்டணம் 1.09. கூட்டினால் 3.24. இது பொருள் சேவை வரிக்கு முந்தைய கணக்கு.

இங்கே ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் புழங்குவதாக 2023ஆம் ஆண்டின் கணக்கு. நாலு பேர் உள்ள வீடு என்றால் மாதம் 17 கன மீட்டர் சொச்சம், 55 வெள்ளி. அந்த 55இல் தண்ணீருக்கு என்று போவது 24 வெள்ளிதான். 12 வெள்ளி வரி, 18 வெள்ளிக்கு மேல் சாக்கடைக்கு. நாம் தண்ணீர் பில் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் நம் வீட்டை விட்டுப் போன பிறகு ஆகும் செலவு.

முதல் வரிசைக்கு, தண்ணீர் விலைக்கு, வருவோம். இதில்தான் கோப்பிக் கடை வாதம் எல்லாம் நடக்கும். "ஜொகூரிலிருந்து 3 சென்னுக்கு வாங்கி நம்மிடம் 3 வெள்ளிக்கு விற்கிறான்" என்பது அதில் முதல் வாதம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துடன் போட்ட 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் கேலனுக்கு, அதாவது கிட்டத்தட்ட 4500 லிட்டருக்கு, மலேசியக் காசில் 3 சென் என்பது உண்மைதான். நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. ஆனால் அந்த 3 சென் ஆற்றில் ஓடும் பச்சைத் தண்ணீருக்கான விலை. அதை இறைக்கிற நிலையம், சுத்திகரிக்கிற ஆலை, பாலம் தாண்டி வரும் குழாய் எல்லாம் சிங்கப்பூர் செலவு. ஜொகூரில் இருக்கும் லிங்கியூ அணைக்கும் அந்த நிலத்துக்கும் மட்டும் 30 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அந்த அணையே 2016 அக்டோபரில் 20 விழுக்காடாக வற்றியது. மழை ஊர் மழை ஊர் என்கிறோம், மழை பெய்கிறது, சரி, பிடித்து வைக்க இடம் எங்கே இருக்கிறது?

இடம் இல்லாததால் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது. நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு கன மீட்டருக்கு 0.2 யூனிட் மின்சாரம் போதும். கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி புழங்கும் புதுநீராக்க ஏறக்குறைய 1 யூனிட். கடல்நீரைக் குடிநீராக்க 3.5 யூனிட். அதாவது அதே ஒரு வாளி தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மின்சாரம் பதினேழு மடங்கு வித்தியாசப்படுகிறது. நம் குழாயில் வருவது எந்த வாளி என்று நமக்குத் தெரியாது. விலையை வைப்பவர்கள் மலிவான வாளியைப் பார்த்து வைப்பதில்லை. ஊருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றால் அடுத்த வாளி எங்கிருந்து வரும், கடலிலிருந்தும் புதுநீரிலிருந்தும்தான், அந்த அடுத்த வாளிக்கு என்ன ஆகுமோ அதைப் பார்த்து வைக்கிறார்கள். இது புரிந்துவிட்டால் 3 சென் வாதத்தில் சாரம் இல்லை. எனக்கு இந்த முறையில் பெரிய குறை தெரியவில்லை, சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்கு, பில்லில் அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும்.

கடல்நீர் என்றதும் ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. 2005இல் துவாஸில் வந்த முதல் ஆலை, சிங்ஸ்பிரிங், முதல் வருஷத்துக்குக் கேட்ட விலை கன மீட்டருக்கு 78 காசு. 2011இல் இரண்டாவது ஆலைக்கு ஏலம் விட்டபோது ஹைஃப்ளக்ஸ் நிறுவனம் 45 காசுக்குத் தருகிறேன் என்றது. எப்படிக் கட்டுப்படியாகும் என்றால், ஆலைக்குப் பக்கத்திலேயே 411 மெகாவாட் மின்நிலையம் கட்டி, மிஞ்சும் மின்சாரத்தைச் சந்தையில் விற்று ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். மின்நிலையம் தயாரானபோது சந்தையில் மின்சாரம் தேவைக்கு மேல் குவிந்து விலை விழுந்து கிடந்தது. 2018இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டுப் போனது, 2019 மே மாதம் கழகம் கடல்நீர் ஆலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வட்டிக்கு ஆசைப்பட்டு அந்த நிறுவனத்தின் பத்திரங்களையும் பங்குகளையும் வாங்கியிருந்த சாதாரண முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 34,000 பேர், அதில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. என் பழைய அலுவலகத்தில் ஓர் அண்ணனும் போட்டிருந்தார், இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இத்தனை காலம் தண்ணீர் 45 காசுக்கு வந்தது என்றால் மிச்சத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தது இந்த முதலீட்டாளர்கள்.

இரண்டாவது வரிசை, சேமிப்பு வரி. 1991இல் வந்தது. முதல் சொட்டிலிருந்தே 50 விழுக்காடு, மாதம் 40 கன மீட்டரைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 65. இந்தப் பணம் கழகத்துக்குப் போவதில்லை, வசூலித்து அரசாங்கத்தின் பொதுக் கருவூலத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மழைநீர்க் கால்வாய், வெள்ளத் தடுப்பு மாதிரி வேலைகளுக்கு அரசாங்கம் தன் பணத்திலிருந்து கொடுக்கிறது, அதனால் ஒரு கை வாங்கி இன்னொரு கை கொடுக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். தண்ணீர் அரிது என்பது விலையில் உறைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தரப்பு. இருக்கட்டும். 40 கன மீட்டர் என்பது நாலு பேர் வீட்டுக்கு எட்டாத உயரம், ஆகவே 65 விழுக்காடு நம்மில் பெரும்பாலோரைத் தொடுவதே இல்லை. பங்களா நீச்சல்குளத்துக்கும் எங்கள் நாலறை வீட்டுக்கும் வித்தியாசம் வெறும் 15 விழுக்காடு வரி என்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. கூடப் புழங்குபவர்களுக்கு அடிப்படை விலையும் கூடுதல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் வந்து பிடிப்பீர்கள்.

இனி சாக்கடை. கழிவுநீருக்கு வீட்டில் தனி மீட்டர் கிடையாது. குழாயில் எவ்வளவு வந்ததோ அவ்வளவும் வெளியே போனதாகக் கணக்கு. தாழ்வாரத்தில் என் மனைவி வளர்க்கிற கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றும் தண்ணீர் எந்தச் சாக்கடைக்கும் போகவில்லை, அதற்கும் 1.09 விகிதத்தில் கட்டுகிறோம். பெரிய தொகை இல்லை, சொல்லிக் காட்டத்தான் சொன்னேன்.

அந்த 1.09 போகும் இடத்தைப் பார்த்தால் விலை ஏன் என்று விளங்கும். முன்பு தீவு முழுக்கக் கழிவுநீரை மேட்டுக்கு ஏற்றித் தள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பம்பு நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நிலம், மின்சாரம், ஆள், நாற்றம். அதற்குப் பதிலாகக் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழமான சுரங்கம் தோண்டினார்கள், 2008இல் முடிந்தது, முதல் கட்டத்துக்கு மொத்தம் 340 கோடி வெள்ளி. அகலமான இடத்தில் குறுக்களவு 6 மீட்டர், மாடி பஸ்ஸே உள்ளே போகும். சிறு சரிவு கொடுத்திருப்பதால் வழி நெடுக பம்பு இல்லாமல் தானாகவே வழிந்து சாங்கிக்கு வருகிறது, அங்கே மட்டும் ஆழத்திலிருந்து மேலே ஏற்றிச் சுத்தம் செய்கிறார்கள். இரண்டாம் கட்டம் மேற்குப் பக்கம், துவாஸில் புது ஆலையுடன் சேர்த்து 650 கோடி வெள்ளி. இதில் சுத்தமாகும் தண்ணீரில் ஒரு பகுதிதான் புதுநீராகச் சில்லுத் தொழிற்சாலைகளுக்கும், வறட்சிக் காலத்தில் நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. கழிவுநீர்க் கட்டணம் கட்டும்போது அடுத்த சுற்றுத் தண்ணீருக்கும் கொஞ்சம் கட்டிவிடுகிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

குழாயும் சுரங்கமும் ஆலையும் நாம் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் அங்கேயே இருக்கும், அதற்கான செலவும் இருக்கும். ஆனால் நம் பில் முழுக்க மீட்டர் ஓடுவதைப் பொறுத்தது. இது எப்போதும் இப்படி இல்லை. 2017 ஜூலைக்கு முன்னால் கழிப்பறைக்கு ஒரு கட்டணம் இருந்தது, ஒரு கோப்பைக்கு மாதம் 2.80 வெள்ளி, உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும். அதை எடுத்துவிட்டுக் கழிவுநீர்க் கட்டணத்தைத் தூக்கினார்கள். 2000இலிருந்து ஏறாமல் இருந்த விலையை அப்போது இரண்டு தவணையாக 30 விழுக்காடு ஏற்றியதில் ஊரே கொதித்தது, ஹாங் லிம் பூங்காவில் கண்டனக் கூட்டம் கூட நடந்தது. 2000இல் வருஷத்துக்கு 50 கோடி வெள்ளியாக இருந்த தண்ணீர்ச் செலவு 2015இல் 130 கோடி ஆகிவிட்டது என்று கழகம் கணக்குக் காட்டியது.

அந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்காதது ஒன்று. எங்கள் எதிர் வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) மாதிரி, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய், இரண்டு கழிப்பறை உள்ள வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 4 கன மீட்டர். பழைய கணக்கில் 1.80 வீதம் 7.20, இரண்டு கழிப்பறைக்கு 5.60, ஆக 12.80. ஏற்றம் முழுவதும் முடிந்த 2018இல் 2.74 வீதம் 10.96. குறைந்திருக்கிறது! அதே சமயம் 25 கன மீட்டர் புழங்கும் கூட்டுக் குடும்பத்துக்கு 50.60 ஆக இருந்தது 68.50 ஆகியிருக்கும். 30 விழுக்காடு என்று செய்தியில் வந்தது சராசரிக்குத்தான், வீட்டுக்கு வீடு அது வேறு மாதிரி. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று ஆறேழு பேர் ஒன்றாக இருக்கும் வீடுகள் நம்மவர்களிடம்தான் அதிகம் என்று நினைக்கிறேன், அடி அங்கே விழுந்தது.

பில்லைக் குறைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள் என்பதெல்லாம் நல்ல பழக்கம், ஆனால் பில்லில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வருவது இரண்டே இடத்தில். ஒன்று குளியல் நேரம், அதைப் பற்றி வீட்டில் பேசினால் சண்டை வரும், உங்கள் பாடு. இன்னொன்று கழிப்பறைத் தொட்டிக் கசிவு. சத்தமே கேட்காது, கோப்பையின் பின்சுவரில் நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு இறங்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகலாக. ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரையும் தண்ணீர் இழுக்க விடாதீர்கள். கோப்பைக்குள் ஆரஞ்சு இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு போய்விட்டது, ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். எங்கள் புளோக்கில் ஒரு வீட்டில் அந்த ரப்பர் மாற்றிய அடுத்த மாதமே பில் சரியாகிவிட்டது. இன்னும் சந்தேகம் தீராவிட்டால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாசலுக்கு வெளியே அலமாரியில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கேயோ போகிறது.

கடைசியாக, திடீரென்று பில் எகிறியதாகப் பதறுகிறவர்கள் முதலில் அது உண்மையான அளவா, உத்தேசமா என்று பாருங்கள். பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஆள் வந்து குறித்துப் போவார், நடுவில் வருவது உத்தேச பில். ஊருக்குப் போய் வீடு பூட்டியிருந்த மாதத்துக்கும் பழைய கணக்கை வைத்துப் போட்டிருப்பார்கள், அடுத்த முறை கழித்துக்கொள்வார்கள். அதுவரை காத்திருக்க மனசில்லை என்றால் எஸ்பி செயலியில் மீட்டர் எண்ணை நீங்களே அனுப்பலாம், அதை அனுப்பக் குறிப்பிட்ட தேதிகள் உண்டு, பில்லிலேயே போட்டிருக்கும்.