46 வயதில் போட்ட 8

சர்க்கரையால் கணவருக்குப் பார்வை மங்கி, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்கு டவுன் பஸ் வந்தால் வந்தது, ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது, மகனோ வெளியூரில். சரி, நாமே ஸ்கூட்டர் ஓட்டிவிட வேண்டியதுதான் என்று கிளம்பியபோது எனக்கு 46 வயது, சைக்கிளையே எட்டாவதோடு விட்டவள்.

40 வயதைத் தாண்டினால் எல்.எல்.ஆருக்கே (ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ்) டாக்டரிடம் படிவம் 1ஏ-வில் சான்றிதழ் வாங்க வேண்டுமாம், வாங்கினேன். அப்புறம் சாலை விதிகள். மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் உருப்போட்டேன் (கும்பகோணம் பக்கம் மேம்பாலம்தான் மலை). எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், ஆனால் 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த 30 நாள் எனக்கு எங்கே போதும்?

நேராக ஓட்டுவது சீக்கிரமே வந்துவிட்டது. டெஸ்டில் போட்டுக் காட்ட வேண்டிய 8 தான் உயிரை வாங்கியது. காலை ஊன்றாமல், மெதுவாக, இரண்டு பக்கமும் வளைக்க வேண்டும். வேகம் குறைந்தாலே வண்டி சாயும், பயத்தில் முறுக்கினால் பாய்ந்துகொண்டு வேலியில் போய் நிற்கும். முழங்கையில் தோல் போகாத வாரமில்லை. சொல்லிக்கொடுத்தது நாத்தனார் மகள். "அத்தை, முன் சக்கரத்தையே பார்க்காதீங்க, அடுத்து எங்கே திரும்பணுமோ அங்கே பாருங்க" என்பாள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, இடது கை பிரேக்கை லேசாக உரசவிட்டு, தலையை முன்கூட்டியே திருப்பினேன். வண்டி தானாக வளைந்தது! கை செய்ய வேண்டியதைக் கண்தான் செய்கிறது என்று அத்தனை நாள் பிடிபடவில்லை. மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் கைதட்டினார்கள், கிண்டலாகவே இருக்கட்டும்.

டெஸ்ட் சட்டென்று முடிந்துவிட்டது, சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கண் ஆஸ்பத்திரி, ரேஷன், பேங்க் எல்லாம் நான்தான். முன்பு இவர் செய்ததால் எட்டிக்கூடப் பார்க்காத பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ் புதுப்பிப்பு எல்லாம் வண்டியோடு சேர்ந்து என் கைக்கு வந்துவிட்டன, ஏ.டி.எம்மில் இப்போதெல்லாம் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை. இவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு "ஹார்ன் அடி, ஹார்ன் அடி" என்று உயிரை எடுக்கிறார். கண்தான் தெரியவில்லை, வாய் நன்றாகவே இருக்கிறது.