குதிரை வராத காவியம்

கோடை விடுமுறைக்கு ஏற்காட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், என் அலமாரியிலிருந்த, ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, மழை பெய்த பிற்பகல்களில் வராந்தாவில் உட்கார்ந்து படித்தே முடித்துவிட்டான். முடித்த கையோடு என்னிடம் வந்து, “மாமா, கடைசி வரைக்கும் குதிரை வரவே இல்லையே, பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?” என்று கேட்டான். பக்கமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. டிராய் நகரத்தைப் பிடிக்கக் கிரேக்கர் உள்ளே ஒளிந்திருந்த மரக்குதிரை, கிரேக்க வீரன் அக்கிலீஸின் சாவு, டிராய் எரிவது ஆகிய எதுவும் அந்த நூலில் கிடையாது. பத்தாண்டுப் போரின் இறுதி ஆண்டில் ஏறத்தாழ 50 நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, டிராயின் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் நின்றுவிடுகிறது.

அவன் தேடியவை எல்லாம் வேறு காவியங்களில் இருந்தன. போர் மூண்ட காரணத்தைச் சொன்ன சைப்ரியா 11 காண்டங்கள். குதிரையைக் கட்டிய கதையைச் சொன்ன சிறிய இலியட் 4 காண்டங்கள். நகரின் அழிவைச் சொன்ன நூல் 2 காண்டங்கள். இவை போக இன்னும் மூன்று. இலியட்டும் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியும் விட்டுவைத்த இடங்களையெல்லாம் நிரப்பிய இந்த ஆறில் இன்று ஒன்றுகூட முழுதாக இல்லை. சிதறிய சில வரிகளும், புரோக்ளஸ் என்பவர் எழுதிவைத்த கதைச்சுருக்கமுமே எஞ்சியுள்ளன. முழுக்கதையைச் சொன்னவை அழிந்து, ஒரு துண்டைச் சொன்னது நிலைத்தது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இதற்கான காரணத்தை அன்றே தொட்டுவிட்டார்: சைப்ரியாவிலிருந்து பல நாடகங்களைப் பிய்த்தெடுக்கலாம், இலியட்டிலிருந்து ஒன்றோ இரண்டோதான் எடுக்க முடியும், ஹோமர் போரை முழுதும் பாட முயலாமல் ஒரே செயலைப் பற்றிக்கொண்டார் என்கிறார்.

சேலத்துப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓமலூருக்கு அருகே எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் கர்ண மோட்சம் நடக்கும் இரவில், பாரதத்தை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்துக்காகத்தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கிறார்கள். அவன் போகிறேன் என்பதும், அவள் மறிப்பதும், அவன் திரும்பி வருவதுமாக அந்த ஒரு கட்டம் நீண்டுகொண்டே போகும்; யாரும் எழுந்து போக மாட்டார்கள். இலியட்டின் ஆறாம் காண்டத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் களரிதான். போருக்குப் புறப்படும் ஹெக்டர் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் மேல் ஆடும் குதிரைமயிரைக் கண்டு குழந்தை அலறி, செவிலியின் மார்பில் முகம் புதைக்கிறது. தாயும் தந்தையும் சிரித்துவிடுகிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை முத்தமிடுகிறான். இதற்கெல்லாம் இடம் வேண்டுமானால் பத்தாண்டுகளைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பெரிதாக இருப்பதனால் மட்டும் ஒரு காவியம் வாழ்ந்துவிடாது என்பதற்கு கிரேக்கக் கவி நொன்னஸின் டயோனிசியாகா ஒன்றே போதும். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல் 48 காண்டங்கள், 20,000 வரிகளுக்கு மேல் கொண்டது. மதுக்கடவுள் படை திரட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வந்து போரிடுவதுதான் அதன் பெரும்பகுதி. நம் நாட்டைப் பற்றிய கிரேக்கக் காவியம் என்று ஆசையோடு தொடங்கிய நானே பத்தாம் காண்டத்தைத் தாண்டவில்லை. பொன் ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பலேறியவர்களின் கதையான அப்போலோனியஸின் அர்கோனாட்டிகாவுக்கு இந்தக் கதி நேரவில்லை என்றால், காதலில் தவிக்கும் இளவரசி மெடியாவின் உறக்கமற்ற இரவுதான் அதற்கு முதற்காரணம்.

எனினும் தரம் ஒன்றே காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எகிப்தின் மணலில் கிடைத்த இலக்கியப் பாப்பிரஸ் ஏடுகளில் மற்ற எவருடையதையும்விட ஹோமருடையவையே மிகுதி. அவற்றிலும் ஒடிசியைவிட இலியட் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகியதும் அதையே. எழுதிக்கொண்டே இருந்தால்தான் ஏடு வாழும். சேலத்து இராமசாமி முதலியார் 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபோது, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று உ.வே.சாமிநாதையரிடம் கேட்டிராவிட்டால், 1887-இல் அந்தப் பதிப்பு வந்திருக்குமா? வளையாபதிக்காக அப்படிக் கேட்க உரிய காலத்தில் ஒருவர் வாய்க்கவில்லை. உதிரிப் பாடல்களே மிஞ்சின. அது சிந்தாமணியைவிடத் தாழ்ந்த நூல் என்று நாம் எதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது?

அக்கா மகன் இப்போது கல்லூரி விடுதியில் ஒடிசியைப் படித்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, “குதிரை வந்துவிட்டது மாமா, எட்டாம் காண்டத்தில், ஆனால் ஒரு பக்கம்கூட இல்லை” என்றான். விருந்து மண்டபத்தில் கண்ணிழந்த பாடகன் டெமோடோகஸ் அதைப் பாடுகிறான். அந்தக் குதிரைக்குள் படையோடு ஒளிந்திருந்த காவியத் தலைவன் ஒடிசியஸ் அதைக் கேட்டு அழுகிறான். ஊரைக் காக்கப் போரிட்டு விழுந்த கணவனின் உடல்மேல் ஒருத்தி கதறிக் கிடக்க, பின்னாலிருந்து பகைவர் அவள் முதுகில் ஈட்டியால் இடித்து அடிமையாக இழுத்துச் செல்கிறார்களே, அவளைப் போல அழுகிறான் என்கிறார் ஹோமர்.

“ஜெயித்தவன்தானே மாமா, அவன் எதற்குத் தோற்றவர் வீட்டுப் பெண்ணைப் போல அழுகிறான்?” என்று கேட்டான். குதிரையைப் பற்றி அதன்பிறகு அவன் பேசவில்லை.