கோலியாத்தும் இரண்டு முழம் பூவும்

ஆரம்பித்தது ஒரு எரிச்சலில்தான். மே மாதம் எங்கள் சபையில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த அன்று, பிள்ளைகள் "செய்த" நோவாவின் பேழைகள் கோயில் வராந்தாவில் வரிசையாக நின்றன. எல்லாம் தெர்மாகோல். எல்லாம் அப்பாமார் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து ஒட்டியவை. ஒரு பையனிடம் பேழைக்கு எத்தனை தட்டு என்று கேட்டேன். "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றான். அவன் கையில் இருந்த பேழைக்கு மூன்று தட்டும் சரியாக இருந்தது.

எட்டு வருஷமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். கதை, மனப்பாட வசனம், கலர் அடிக்க ஒரு தாள், கடைசியில் ஒரு மிட்டாய். அந்தத் தாளில் இருக்கும் ஆப்பிள் மரத்தையும் பனி மூடிய மலையையும் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்ததே கிடையாது. ஜூனிலிருந்து வேறு மாதிரி செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பதினேழு பிள்ளைகள், இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. செய்வது அவர்கள் கையாக இருக்க வேண்டும், சாமான் வீட்டில் கிடைப்பதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் விதி. பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதைக்கிறவன் உவமை. விதை வழியருகே, கற்பாறை, முள், நல்ல நிலம் என்று நான்கு இடத்தில் விழுகிற கதை. நான்கு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு டம்ளர் பச்சைப்பயறு. ஒன்றில் தேரி மண்ணை, எங்கள் பக்கத்துச் செம்மணலை, போட்டு ஏறி மிதித்து வழியருகே ஆக்கினோம். ஒன்றில் ஜல்லியை நிரப்பி மேலே ஒரு விரற்கடை மண். ஒன்றில் கோரை மண்டியிருந்தது, முள்ளுக்குப் பதில் அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். நான்காவதில் தொழு உரம் கலந்த கரிசல். போதகர் குடியிருக்கும் குருமனைக்குப் பின்னால் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தோம்.

வழியருகே விழுந்தது இரண்டே நாளில் தீர்ந்தது. குருமனைக் கோழிகள் வேலையைக் காட்டிவிட்டன. "பறவைகள் வந்து அதைப் பட்சித்துப்போட்டது" என்ற வசனத்தில் 'பட்சித்து' என்றால் என்னவென்று எத்தனை வருஷம் விளக்கியிருப்பேன்! இப்போது ஒரு வாண்டு ஓடி வந்து, "அக்கா, கோழி பட்சிச்சிட்டு!" என்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் எட்டிப் பார்த்தால் ஜல்லித் தொட்டியில்தான் முளை முதலில் தலை நீட்டியிருந்தது. நல்ல நிலம் சும்மா கிடந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "கல்லுதான் ஜெயிச்சிட்டு!" எனக்குக் கொஞ்சம் பதற்றம். வீட்டுக்கு வந்து மத்தேயு 13-ஐ எடுத்துப் பார்த்தேன். மண் ஆழமாக இல்லாததால் சீக்கிரத்தில் முளைத்தது என்று அங்கேயே இருக்கிறது. எட்டு வருஷம் சொல்லிக் கொடுத்தவள், அந்த 'சீக்கிரத்தில்' என்ற சொல்லை ஒரு நாளும் கவனித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தீய்ந்துபோயிற்று. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் கல்லில் முட்டி, திரும்பி, பக்கவாட்டில் ஓடியிருந்தது. முன்பெல்லாம் இந்தப் பாடத்தில் நாலு இதயம் வரைந்து "நீ எந்த நிலம்?" என்று கேட்பேன், பதினேழு பேரும் "நல்ல நிலம்!" என்று கத்துவார்கள். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. செடியைக் கையில் வைத்திருந்த நாலாம் வகுப்புப் பையன் தானாகவே, "அக்கா, இது நான் கராத்தே கிளாஸ் சேந்த மாதிரில்லா இருக்கு" என்றான். மூன்று வாரம் போனான், வெள்ளை டிரெஸ் எல்லாம் வாங்கி. பதிவேட்டில் அன்று எழுதியது: 'அர்த்தத்தை முதலில் சொல்லாதே.' மூன்றாவது விதி இப்படித்தான் வந்தது.

அடுத்தது, சின்னக் கடுகு விதை மரமாக வளர்கிற உவமை. அது சரியாக வரவில்லை. அஞ்சறைப்பெட்டிக் கடுகை ஜூலையில் விதைத்தோம். நாலாம் நாள் முளைத்தது, ஒரு சாண் வளர்வதற்குள் நூல் மாதிரி மெலிந்து பூ விட்டது, அசுவினி மொய்த்தது. ஆகாயத்துப் பறவைகள் அடையும் மரத்துக்காகக் காத்திருந்த ஒருத்தி, "அப்போ வசனம் பொய்யா?" என்றாள். நம்மூரில் கடுகு குளிர்காலப் பயிர், நாம் காயும் வெயிலில் போட்டுவிட்டோம், இயேசு சொன்னது ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற கருங்கடுகாக இருக்கலாம் என்று சொன்னேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. டிசம்பரில் மறுபடி போடுவோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இனி கோலியாத்து, சிறுவன் தாவீது கவண்கல்லால் வீழ்த்திய ராட்சதன். இதைத்தான் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில் சொதப்பியது நான்.

1 சாமுவேல் 17-இல் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும். இந்த அளவு நம் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான், பூ வாங்கும் வீட்டில் முழம் தெரியாத பிள்ளை ஏது? ஜாண் மட்டும் பாதிப் பேருக்குப் புதுசு. கையை விரித்துக் காட்டினேன், இரண்டு ஜாண் சேர்ந்தால் ஒரு முழம். கோயிலின் பின்சுவரில் சாக்பீஸால் கோலியாத்தின் உயரத்தைக் குறிப்பது, அதன் கீழே நின்று தாவீது எப்படி அண்ணாந்து பார்த்திருப்பான் என்று பார்ப்பது, இதுதான் திட்டம். பாடம் தைரியம். ஏணியைப் பிடிக்க எங்கள் சபை ஊழியர் உபதேசியார் வந்தார். சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு அடித்த வெள்ளை வீணாகிவிடுமே என்று ஒரு முணுமுணுப்பும் கூடவே வந்தது.

"யார் முழம்?" என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன். அது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, இரண்டாம் வகுப்புச் சின்னவள் கையை ஸ்கேலில் வைத்தோம், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை 33 சென்டிமீட்டர். அவள் கணக்கில் கோலியாத்து இரண்டு மீட்டரும் கொஞ்சமும். "இவன் எங்க மாமா உயரம்தான்" என்று சிரித்தார்கள். என் முழம் 44. அந்தக் கணக்கில் அவன் ஒன்பதரை அடிக்கு இரண்டு விரற்கடைதான் குறைவு. ஏணியின் மேல்படி வரை ஏறித்தான் கோடு போட்டேன். கீழே நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தப் பையன் சொன்னான், "அதான் பூக்காரங்க சின்னக் கையை வச்சு அளக்காங்க. எங்க அம்மா சொல்லுவா, எல்லாம் ஏமாத்து."

எனக்கு ஒரே உற்சாகம். இதோ ஒரு பாடம் தானாக வந்து விழுகிறதே! உடனே நீதிமொழிகள் 11-ஐத் திருப்பி, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பதினேழு பேரில் பதினாறு பேர் வாசித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறார் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மூன்று வருஷமாக என் வகுப்பில் இருக்கிற பிள்ளை.

அடுத்த நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைங்கதான டீச்சர், விடுங்க" என்றார், கை பூ கட்டிக்கொண்டே இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு முழம் மல்லி கேட்டேன். முழங்கையில் வைத்து இழுத்தார், அதைத் தாண்டி இன்னும் நாலு விரல் விட்டார், அப்புறம்தான் மடக்கினார். இரண்டாவது முழமும் அப்படியே. வீட்டுக்கு வந்து தையல் டேப்பை வைத்துப் பார்த்தால் 106 சென்டிமீட்டர். என் கைக்கு இரண்டு முழம் போக, கிட்டத்தட்ட ஒரு ஜாண் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பூ வாடி உதிர்ந்துவிட்டது. வாழைநார் மட்டும் இருந்தது. அதை வகுப்புக்குக் கொண்டு போனேன். முதலில், போன வாரம் அந்த வசனத்தைத் தப்பான இடத்தில் வாசிக்க வைத்தேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, நாக்கு கொஞ்சம் குழறியது. பிறகு நாரைக் கொடுத்து, இரண்டு முழத்துக்குக் காசு கொடுத்து வாங்கினேன், அளந்து பாருங்கள் என்றேன். சின்னவள் கைக்கு மூன்று முழத்துக்கு மேல் போனது. ஐந்தாம் வகுப்புக்காரன் இரண்டு தடவை அளந்தான். "ரெண்டே முக்கால் வருது. யாருட்ட வாங்குனீங்க?" சொன்னேன். யாரும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் அன்று முன் வரிசையில்தான் இருந்தாள். லூக்கா 6-இல் "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்" என்ற இடத்தை அவளையே வாசிக்கச் சொன்னேன். 'மடியிலே' வரும்போது பாவாடையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பையன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தன் கடலை மிட்டாயை அவளிடம் நீட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முழுசா, பாதியா?" என்றாள். பாதிதான். வாங்கிக்கொண்டாள்.

கோலியாத்தின் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. தைரியம் பற்றி நாங்கள் இன்னும் பேசவே இல்லை.

ஆகஸ்டில் உப்பு. உப்பளத்தில் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் இருக்கிறார்கள், அதனால் இந்த முறை வாயைத் திறக்கும் முன் யோசித்தேன். "உப்பானது சாரமற்றுப்போனால்" என்று வாசித்ததுமே அவர்களில் ஒருத்தன், "உப்பு எப்பிடிக்கா சாரம் போவும்? அளத்துல அம்பாரமா கெடக்கு, அப்பிடியேதான இருக்கு" என்றான். அவன் சொல்வது சரி, சுத்தமான உப்புக்குச் சாரம் போகாது. அந்தக் காலத்தில் அங்கே சாக்கடல் ஓரத்தில் கிடைத்த உப்பில் வேறு தாதுக்களும் கலந்திருக்கும், ஈரம் பட்டு உப்பு மட்டும் கரைந்து போனால் மிச்சம் சப்பென்று கிடக்கும் என்று விளக்குவார்கள். அதையே செய்து பார்த்தோம். அரை டம்ளர் பொடியுப்பு, அரை டம்ளர் கழுவிய மணல். நன்றாகக் கலந்து பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார்கள், கரித்தது. மேலே மூன்று செம்பு தண்ணீர் மெதுவாக ஊற்றினோம். திரும்பத் தொட்டுப் பார்த்தால் வெறும் மண். மூட்டை சிறுத்திருந்தது, அவ்வளவுதான். பார்வைக்கு அதே மூட்டை. யாரும் சொல்லாமலே ஒரு பையன், வசனத்தில் வருகிற மாதிரியே, அதை வாசலில் கொட்டி மிதித்துவிட்டு வந்தான்.

குறையும் இருக்கிறது. முன்பு வாரம் ஒரு வசனம் மனப்பாடம் ஆகும், இந்த நாலு மாதத்தில் மொத்தம் ஏழுதான் தேறியது. "இதெல்லாம் பரீட்சையில வருமா?" என்று ஒரு அம்மா கேட்டார். வராது. 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் இங்கிலாந்தின் கிளாஸ்டரில் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர. என் பிள்ளைகள் வாரம் முழுக்க டியூஷன் போகிறார்கள். ஏழாம் நாளும் நோட்டைத் திறக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனாலும் ஞாயிறு பள்ளிப் பரீட்சைக்கு முந்தின மாதம் மட்டும் கடைசிப் பதினைந்து நிமிஷம் வசனத்துக்கு என்று அந்த அம்மாவிடம் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு புளித்த மாவு. ஒரு ஸ்திரீ மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள் என்ற உவமை. மூல மொழியில் உள்ள அளவு நம் படியைவிட ரொம்பப் பெரிசு, அந்த மாவில் நூறு பேர் சாப்பிடலாம். எங்களுக்கு அது கட்டாது. ஆளுக்கு ஒரு டம்ளர் அன்று அரைத்த மாவு, தூக்குவாளியில் வீட்டிலிருந்து. நான் ஒரு கரண்டி பழைய மாவு கொண்டு போவேன். பாதிப் பேர் வாளியில் அதைக் கலந்துவிட்டு, மீதிப் பேருக்குக் கலக்காமல், ஆராதனை முடிகிற வரை வராந்தாவில் வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். மூன்று மணி நேரத்தில் வித்தியாசம் தெரியுமா என்று இன்றைக்கு வீட்டில் வைத்துப் பார்த்தேன், பெரிதாகத் தெரியவில்லை. அதனால் சனிக்கிழமை ராத்திரியே கலக்கச் சொல்லி அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். வாளியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்றும் சேர்த்துப் போட்டேன், உபதேசியார் இப்போதே வராந்தாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.