வாசலுக்கு நேரே

செப்டம்பர் 8, திங்கள்
கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ். அக்டோபர் 1 முதல் தெருக்காரர்களுக்குத் தரும் பர்மிட் உள்ள வண்டிகள் மட்டும்தான் தெருவில் நிற்கலாம். வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ வாசல்லயே இறங்கிக்கலாமா?" அது ஒன்றைத்தான் கேட்டார்.

செப்டம்பர் 10, புதன்
அப்பாவுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். முடியும்போது பிபி இறங்கியிருந்தது. வாசலில் அதே நீலக் கார். இரண்டு வீடு தள்ளித்தான் இடம் கிடைத்தது. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையைப் பிடிக்கக் கூடாது, வலது பக்கம்தான் தாங்க வேண்டும். அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் கார்களின் கண்ணாடிகள் இடிக்கின்றன. ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுக்கொண்டே வந்தேன். வாசல் வரை முப்பத்தொரு காலடி. மூன்று இடத்தில் நின்றார்.

செப்டம்பர் 11
நீலக் கார் நகரவில்லை.

செப்டம்பர் 13, சனி
தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். பல்கலைக்கழகத்துக்குள் நிறுத்தப் பணம், இங்கே இலவசம். வகுப்புக்கு வருகிறவர்கள் வேறெங்கே நிறுத்துவார்கள்? பொதுச் சாலையை இப்படி ஒதுக்க முடியுமா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். முனை வீட்டு வக்கீல் சார், அமெரிக்காவில் ஆர்லிங்டன் என்ற ஊரில் இதே விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் செல்லும் என்று தீர்ப்பு வந்ததைச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த தெருவுக்கு நோட்டீஸ் வரவில்லை என்பதை யாரும் பேசவில்லை. இங்கிருந்து கிளம்புகிற கார் அத்தனையும் அங்கேதான் போய் நிற்கும்.

செப்டம்பர் 17, புதன்
இருபத்தாறு காலடி.

செப்டம்பர் 19, வெள்ளி
பர்மிட் வந்துவிட்டது. பின்பக்கம் பொடி எழுத்தில்: பர்மிட் இருப்பதால் இடம் உறுதி என்று கொள்ளக் கூடாது. வீட்டுக்கு இரண்டு பர்மிட். எங்கள் கேட்டுக்கும் பக்கத்து வீட்டு கேட்டுக்கும் இடையே டேப் வைத்து அளந்தேன், 10.6 மீட்டர். ஓரத்தில் ஒட்டி நிறுத்தினால் இரண்டு கார் நிற்கும். யாராவது நடுவில் நிறுத்திவிட்டால் ஒன்றுதான். ராத்திரி படுத்த பிறகும் அந்தப் பத்தேமுக்கால் மீட்டரிலேயே மனசு சுற்றுகிறது. பத்தேமுக்கால் இல்லை, பத்து புள்ளி ஆறு.

செப்டம்பர் 24, புதன்
நீலக் கார் ஒரு மாணவியுடையது. நான் அப்பாவை இறக்குவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "சாரிக்கா, தாத்தாவுக்காக எடுத்துடறேன், முதல்லயே சொல்லியிருக்கலாமே." சொல்லவே இல்லைதான். இத்தனை நாள் அந்தக் காரை ஜன்னல் வழியாக முறைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். லேப் முடிய ராத்திரி ஒன்பது ஆகுமாம், வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டுமாம். ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் எங்கே நிறுத்துவாய் என்று கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 30
மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் ஒதுக்கித் தர விண்ணப்பிக்கலாமாம். கோடு போட்டுத் தந்தாலும் அது அப்பா பேருக்கு இல்லை. அட்டை உள்ள யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இருந்தாலும் பூர்த்தி செய்தேன். டாக்டர் கையெழுத்து பாக்கி.

அக்டோபர் 1, புதன்
தெரு காலி! வாசலுக்கு நேரே நிறுத்தினேன். ஒன்பது காலடி. அப்பா ஒரு தடவைகூட நிற்கவில்லை. படியேறி, திரும்பிக் காரைப் பார்த்துச் சிரித்தார்.

அக்டோபர் 2
பக்கத்து வீட்டில் இரண்டாவது கார் வாங்கிவிட்டார்கள். அவர்களிடமும் பர்மிட் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி
காலை 5.40. வண்டி வாசலில்தான் நிற்கிறது. எடுத்தால் இந்த இடம் போய்விடும். எடுக்காமல் டயாலிசிஸுக்கு எப்படிப் போவது? அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் கையெழுத்து திங்கட்கிழமை கிடைக்கும் என்கிறார்கள்.