பார்பரா கிளை, மூன்று தட்டுக் கோதுமை, ஒரு பானை புர்பாரா

டிசம்பர் 4 புனித பார்பரா திருநாள். அன்று ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செர்ரிக் கிளை வெட்டித் தண்ணீரில் வைப்பார்கள்; அது கிறிஸ்துமஸுக்குப் பூக்க வேண்டும். தென் பிரான்சின் புரொவான்சில் அதே நாளில் மூன்று தட்டுகளில் கோதுமை முளைக்கப் போடுவார்கள். லெபனான், சிரியா, பாலஸ்தீனத்தில் கோதுமையை வேகவைத்து இனிப்பாக ‘புர்பாரா’ செய்வார்கள். மூன்றையும் ஒரே டிசம்பரில், ஜெர்மனியில் ஒரே வீட்டில் செய்து பார்த்த குறிப்பு இது. அதிகம் தவறுவது கிளையில்தான். அதனால் அதற்கே இடம் அதிகம்.

முதலில் கதை. அது தெரியாமல் இந்த மூன்று வேலையும் எதற்கு என்று பிடிபடாது.

கிறிஸ்தவத்தை ஏற்காத தியோஸ்கோருஸ் என்ற செல்வந்தனின் மகள் பார்பரா. ஊர் நிக்கொமேதியா என்று சில ஏடுகள் சொல்லும், ஹெலியோப்பொலிஸ் என்று சில சொல்லும். அயலார் கண் படக்கூடாதென்று தந்தை மகளைக் கோபுரத்தில் பூட்டி வைக்கிறான். அவன் பயணம் போயிருந்தபோது, கட்டிக்கொண்டிருந்த குளியல் மண்டபத்துக்கு 2 சன்னலுக்குப் பதில் 3 வைக்கச் சொல்கிறார், இரகசியமாகக் கிறிஸ்தவரான பார்பரா: தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளுக்காக. திரும்பி வந்தவன் காரணம் கேட்டு வாளை உருவுகிறான். ஓடி ஒளிந்தவரை ஓர் இடையன் காட்டிக்கொடுக்கிறான். சித்திரவதைக்குப் பிறகும் அவர் தம் விசுவாசத்தை மறுதலிக்காததால், பெற்ற தந்தையே தலையை வெட்டுகிறான். வீடு திரும்பும் வழியில் மின்னல் தாக்கி மாய்கிறான்.

சுரங்கத் தொழிலாளர், பீரங்கிப் படையினர், வெடிமருந்து கையாள்வோர் எல்லாருக்கும் பார்பரா பாதுகாவலி ஆனது அந்த மின்னலால்தான். பாவசங்கீர்த்தனத்துக்கும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) நற்கருணைக்கும் நேரம் தராமல் வரும் திடீர்ச் சாவிலிருந்து காக்கும்படி அவரை வேண்டுவார்கள். ஸ்பானிய மொழியில் கப்பலின் வெடிமருந்து அறைக்கே ‘சாந்தாபார்பரா’ என்று பெயர். படங்களிலும் சுரூபங்களிலும் அவரை அடையாளம் காட்டுவது மூன்று சன்னல் கோபுரம். ஓவியர் யான் வான் ஐக் 1437-இல் வரைந்து, இன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் படத்தில் அந்தக் கோபுரம் இன்னும் கட்டி முடியவில்லை. பின்னால் கொத்தர்கள் வேலை செய்ய, பார்பரா முன்னால் அமர்ந்து புத்தகம் புரட்டுகிறார்.

இந்தக் கதைக்கு 7-ஆம் நூற்றாண்டுக்கு முந்திய எழுத்துச் சான்று கிடையாது. ஆகவே 1969-இல், கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்குமான உரோமைப் பொது நாட்காட்டியிலிருந்து அவர் நினைவு எடுக்கப்பட்டது. திருச்சபையின் புனிதர் பட்டியலான மறைசாட்சியர் ஏட்டில் பெயர் இருக்கிறது. கீழைத் திருச்சபைகள் டிசம்பர் 4-ஐ விடவே இல்லை. வீடுகளும் விடவில்லை.

கிளை

சிறைக்கு இழுத்துச் செல்லும் வழியில் பார்பராவின் உடையில் ஒரு சிறு கிளை சிக்கி ஒடிந்ததாம். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் அதை நிறுத்தி வைத்தாராம். தீர்ப்பு நாளன்று அது பூத்ததாம். ஜெர்மன் வழக்கம் இந்தத் துண்டிலிருந்து வருகிறது. முன்பு மணமாகாத பெண்கள் ஒவ்வொரு கிளைக்கும் ஒருவன் பெயர் வைத்து, எது முதலில் பூக்கிறது என்று பார்த்ததும் உண்டு.

வெட்டியது மொத்தம் 8 கிளைகள், ஒவ்வொன்றும் 50 முதல் 60 சென்டிமீட்டர். 6 இனிப்புச் செர்ரி, 2 ஃபோர்சீத்தியா. ஃபோர்சீத்தியா ஒப்பிடத்தான், எளிதாகப் பூக்கும் மஞ்சள் பூப்புதர் அது.

மொட்டைப் பார்த்து வெட்டுவதில்தான் பாதி வேலை முடிகிறது. செர்ரியில் பூமொட்டு உருண்டையாக, பருத்து, குட்டையான கிளைக்கணுக்களில் கொத்தாக இருக்கும். இலைமொட்டு ஒல்லியாக, கூர்மையாக, கிளையோடு ஒட்டித் தனியாக இருக்கும். நீண்டு நேராக வளர்ந்த அந்த ஆண்டுத் தளிரில் பெரும்பாலும் இலைமொட்டுதான். பார்க்க அழகு என்று அதை வெட்டினால் கிறிஸ்துமஸுக்கு இலை கிடைக்கும், பூ கிடைக்காது. தெரிந்தே ஒரு கிளையை (எண் 6) அப்படி வெட்டினோம். மற்ற ஐந்தும் கொத்துமொட்டு உள்ள பழைய கட்டை.

அடுத்தது குளிர். மொட்டு இலையுதிர்காலத்திலேயே உருவாகி உறங்கிவிடும். வெறும் வெப்பம் அதை எழுப்பாது. போதிய குளிரை அது முதலில் அனுபவித்திருக்க வேண்டும். செர்ரிக்கு 7 டிகிரிக்குக் கீழே, இனத்தைப் பொறுத்து, பல நூறு மணி நேரம் முதல் ஆயிரத்துக்கு மேலும் தேவை. டிசம்பர் தொடக்கத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் முழுதாகச் சேர்ந்திருக்காது. இதை ஈடுகட்டத்தான் வெந்நீர்க் குளியல். தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1909-இல் எழுதி வைத்த முறை: 30 முதல் 35 டிகிரி வெந்நீரில் கிளையை ஓர் இரவு முழுக்கி வைத்தால் உறக்கம் கலைகிறது. குளிர் அறவே படாத கிளைக்கு இது உதவாது, அரைகுறையாய்க் குளிர் பட்டதற்கு உதவும்.

டிசம்பர் 4, மாலை. எண் 1, 2, 6 மற்றும் ஃபோர்சீத்தியா இரண்டும் குளியல் தொட்டியில், 35 டிகிரி நீரில் முழுக முழுக. மேலே ஒரு பலகை, இல்லாவிட்டால் மிதக்கும். நீர் இரவில் தானாக ஆறியது, காலையில் 19 டிகிரி. எண் 3, 4 குளியல் இல்லாமல் நேராகச் சாடிக்கு. எண் 5 பாலிதீன் உறையில் சுற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு, மறுநாள் குளியல். உறைபனி இன்னும் விழவில்லை என்றால் ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். அது ஒரு நாள் அதிர்ச்சியைத் தரும். வாரக்கணக்கான குளிரை எங்கிருந்து தரும்?

டிசம்பர் 5. எல்லாக் கிளைகளின் அடியும் கூரிய கத்தியால் 4 சென்டிமீட்டர் நீளச் சாய்வாக, தண்ணீருக்குள்ளேயே புதிதாக வெட்டப்பட்டது. காற்றில் வெட்டினால் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி புகுந்து அடைக்கும். அடிக்கட்டையைச் சுத்தியலால் நசுக்கும் பழைய பழக்கம் வேண்டாம். நசுங்கிய நார் அழுகி, அந்த அழுகலே குழாயை அடைக்கிறது. சாடியில் 15 சென்டிமீட்டர் உயரம் வெதுவெதுப்பான நீர். இடம்: வெப்பமூட்டாத அறை, 13 டிகிரி.

டிசம்பர் 8. கண்ணுக்கு மாற்றம் இல்லை. நீர் மாற்றம். இனி 3 நாளுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அடியில் அரை சென்டிமீட்டர் வெட்டு.

டிசம்பர் 11. எண் 1, 2-இல் மொட்டுச் செதில்களுக்கிடையே பச்சைக் கோடு. இப்போதுதான் வரவேற்பறைக்கு, 19 டிகிரிக்கு. இந்தப் படியை முதல் நாளே செய்துவிடுவதுதான் பலரும் விடும் தவறு. சூடான அறையின் காற்று வறண்டது. வெட்டுக்காயம் நீர் இழுக்கப் பழகுமுன் மொட்டு காய்ந்து பழுப்பாகிவிடும். ஹீட்டருக்கு மேலே உள்ள சன்னல் விளிம்பு இருப்பதிலேயே மோசமான இடம். தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பு, மொட்டுக் காலம் முடியும்வரை மட்டும்.

டிசம்பர் 14. ஃபோர்சீத்தியா பூத்துவிட்டது, கிறிஸ்துமஸுக்கு 11 நாள் முன்பே. அதைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் டிசம்பர் 12-ஐ ஒட்டி வெட்டினால் போதும். செர்ரியில் எண் 1, 2 வெள்ளை நுனி. எண் 3 பச்சைக்கோடு. எண் 4 அசைவே இல்லை. எண் 5-இல் நுனி மொட்டுகள் கருகியிருந்தன. ஃப்ரீசர் குளிர் மென்மையான நுனியைக் கொன்றிருக்கிறது.

டிசம்பர் 18. வெள்ளை நுனிகள் அதே நிலையில் நின்றன. மேசையில் அருகே ஒரு கூடை ஆப்பிள் இருந்தது. பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வாயு விடும், அது மொட்டையும் பூவையும் உதிர்க்கும். கூடையை அகற்றி, 21 டிகிரி மூலைக்கு மாற்றினோம். இரண்டையும் ஒரே நாளில் செய்ததால், எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

டிசம்பர் 24. எண் 2-இல் 7 பூ, எண் 1-இல் 4. மறுநாள் எண் 1 முழுக்க விரிந்தது. எண் 3 டிசம்பர் 29-இல் பூத்தது, அதாவது வெந்நீர் இல்லாமல் 5 நாள் தாமதம். எண் 4 காய்ந்தது. எண் 5-இல் அடிப்பகுதியில் 2 பூ மட்டும். எண் 6 எதிர்பார்த்தபடி இலை. வீட்டுக்குள் பூக்கும் செர்ரி வெளிறியிருக்கும், மணம் அநேகமாக இல்லை, இரவில் 12 டிகிரி அறைக்கு மாற்றினால் 6 நாள் நிற்கும். வெளியே மரம் கட்டையாக நிற்கிறது, உள்ளே மூன்று வாரத் தண்ணீரில் அதன் பூ. அதைப் பார்க்கும்போது, சிறைக்கோட்டத்தில் ஒரு கிண்ணத்துக் கிளையை வைத்து இந்தக் கதையைச் சொன்னவர்கள் செடியை நன்றாகவே அறிந்தவர்கள் என்று தோன்றுகிறது.

கோதுமைத் தட்டு

ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள 3 தட்டுகள், மூவொரு கடவுளின் பெயரால். தட்டுக்கு 25 கிராம் முழுக் கோதுமை. டிசம்பர் 3 இரவே 12 மணி நேரம் ஊறப்போட்டு, 4-ஆம் தேதி காலை மெல்லிய பஞ்சின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பவேண்டும். நீர் மணியின் பாதி உயரம் வரை. மூழ்கினால் 3-ஆம் நாளே புளித்த வாடை வரும்.

மணியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பொறி. தவிடு தீட்டிய கோதுமை முளைக்காது, முளைக்கரு தீட்டும்போதே போய்விடுகிறது. விவசாயக் கடையின் விதைக்கோதுமை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது. சாப்பாட்டு மேசைக்கு வரும் தட்டில் அது கூடாது.

2-ஆம் நாள் வேர்நுனியைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரியும். பூஞ்சை என்று நினைத்து நிறையப் பேர் கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: வேர்த்தூவி என்றால் ஒட்டிப் படிந்துவிடும். பூஞ்சை என்றால் தானியத்துக்குத் தானியம் வலைபோல் பரவும், வாடையும் இருக்கும். இம்முறை ஒரு தட்டில் உடைந்த மணிகளைப் பொறுக்காமல் விட்டதால் 5-ஆம் நாள் அங்கே மட்டும் பூஞ்சை பிடித்தது; பிடித்த பகுதியைக் கிள்ளி எறிந்து காப்பாற்ற முடிந்தது.

8-ஆம் நாள் 5 சென்டிமீட்டர், 14-ஆம் நாள் 12, கிறிஸ்துமஸ் முந்திய இரவு 17. சூடான, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்த தட்டு 22 சென்டிமீட்டர் வளர்ந்து சரிந்தது. 16 டிகிரி, வடக்குச் சன்னல், தினமும் கால்வட்டம் திருப்பல், இவ்வளவுதான் நிமிர்ந்து நிற்க வழி. இடுப்பளவில் ஒரு சிவப்பு நாடா கட்டுவது அலங்காரமும் ஆகும், தாங்கலும் ஆகும். புரொவான்சில், கோதுமை நன்றாய் வந்தால் எல்லாம் நன்றாய் வரும் என்று பழமொழி உண்டு. பச்சையாக, நேராக நின்றால் அடுத்த அறுவடை நல்லது. குரோவேசியாவில் இன்னொரு கன்னி மறைசாட்சியான புனித லூசியாவின் நாளில், டிசம்பர் 13-இல், விதைப்பார்கள். 11 நாள்தான் கிடைக்கும், ஆகவே பயிர் குட்டை. ஆனால் சரிவதில்லை. சிறிய வீட்டுக்கு அந்தத் தேதியே வசதி.

புர்பாரா

கீழைக் கதையில் பார்பரா தப்பி ஓடும்போது பச்சைக் கோதுமை வயல் சட்டென்று வளர்ந்து அவரை மறைத்தது. அதனால் அன்று கோதுமை. லெபனானில் அந்த மாலை பிள்ளைகள் முகமூடி போட்டு வீடு வீடாகப் போவதும், அவர் மாறுவேடத்தில் ஓடியதன் நினைவு.

6 பேருக்கு: தவிடு தீட்டிய கோதுமை 250 கிராம், நீர் 2 லிட்டர், சர்க்கரை 120 கிராம், அனிஸ் பொடி 1 மேசைக்கரண்டி, இலவங்கப்பட்டை 1 துண்டு, உலர்திராட்சை 80 கிராம், ரோஜாப் பன்னீர் 1 மேசைக்கரண்டி. முளைக்கப் போடும் முழுக் கோதுமையை இதில் போட்டால் 2 மணி நேரம் வெந்தும் தோல் வாயில் தட்டும், பாகும் கெட்டிப்படாது.

நம் கடைகளில் சோம்பு என்று தருவது பெருஞ்சீரகம். அனிஸ் அதைவிடச் சிறியது, வாசம் தூக்கலானது. பெருஞ்சீரகம் மட்டும் போட்டால் ஒன்றரை மடங்கு போடலாம், சுவை கொஞ்சம் மாறும்.

இரவு ஊறிய கோதுமையைப் பட்டையோடு மிதமான தீயில் 70 நிமிடம். மணி வாய் பிளந்து, நீர் பால் போல வெளுத்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் மணி மேற்கொண்டு வேகாது. இதில் தவறினால் திருத்த வழியில்லை. அனிஸும் திராட்சையும் கடைசி 10 நிமிடம்; பன்னீர் இறக்கிய பின். ஆறும்போது மிக இறுகும், ஆகவே அடுப்பில் இருக்கையில் பாயசத்தைவிடத் தளர்வாக இருக்கட்டும். மேலே மாதுளை முத்து, ஊறவைத்துத் தோலுரித்த பாதாம், வால்நட். மாதுளையைச் சூட்டில் கலந்தால் பாகு அழுக்குச் சிவப்பாகிவிடும். கிண்ணத்தில் ஊற்றி ஆறிய பிறகே தூவவேண்டும்.

பாலஸ்தீனத்தில் பழைய நாட்காட்டிப்படி நடக்கும் ஆர்த்தடாக்ஸ் வீடுகளுக்கு இந்தத் திருநாள் டிசம்பர் 17-இல் வரும். 4-ஆம் தேதியைத் தவறவிட்டவர்கள் புர்பாராவை அன்று செய்யலாம். கிளைக்கு மட்டும் அந்தத் தேதி உதவாது.

கோதுமைத் தட்டுகள் குடிலருகே ஜனவரி 6, திருக்காட்சி விழா வரை நின்றன. பிறகு புரொவான்ஸ் முறைப்படி மண்ணுக்கு. வேர்கள் பஞ்சோடு பாய்போல் பின்னியிருக்கும். பிரிக்க முயன்றால் அறுந்துபோகும். பஞ்சோடு நான்காகக் கிழித்து, இலையைப் பாதிக்கு வெட்டி, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து அமுக்கவேண்டும். உறைபனி இறுகியிருந்தால் தொட்டியில் வைத்து, மண் இளகிய பிறகு மாற்றலாம். 12 துண்டில் இதுவரை 5 புதுத்தூர் விட்டிருக்கின்றன.